கூடைப்பந்துப் பயிற்சியில் பிள்ளைகளின் கைக்குப் பந்து கிடைக்கிறதா?

சேலத்துப் பள்ளி மைதானங்களில், ஒரே வளையத்தின் முன் 20 பிள்ளைகள் வரிசை கட்டி நிற்க, ஒவ்வொருவராக ஓடிப்போய் லே-அப் (வளையத்தருகே எம்பிப் பந்தைக் கூடைக்குள் இடுவது) போட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குத் திரும்பும் பயிற்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒருவருக்கு 15 வினாடி என்று கணக்கிட்டால், ஒரு பிள்ளைக்கு மறுமுறை பந்து கிடைக்க 5 நிமிடம் ஆகும்; ஒரு மணி நேரத்தில் 12 முறைதான். பார்ப்பதற்கு ஒழுங்காக இருப்பதால் பெற்றோருக்கு இது நிறைவளிக்கிறது. ஆனால், ஆர்வத்தோடு சேர்ந்த பிள்ளைகள் சில மாதங்களிலேயே சலித்து விலகுவதற்கு இந்தக் காத்திருப்பே பெரிய காரணம் என்பது பயிற்சியாளராக நான் கண்டது.

வரிசையில் இன்னொரு குறையும் உண்டு: அங்கே தடுப்பதற்கு எதிராளி இல்லை. தடையின்றிப் பந்தைக் கூடைக்குள் போட்டுப் பழகிய பிள்ளை, போட்டியில் ஒருவர் கையை விரித்து முன்னால் வந்து நின்றதும் திகைத்துவிடுகிறது. எனவே, 10 நிமிடம் உடலைத் தயார்ப்படுத்திய பிறகு, அரை மைதானத்தில் மூவருக்கு மூவர் ஆட விடுவதையே நான் பயிற்சியின் மையமாக வைத்திருக்கிறேன். இரண்டு வளையங்களில் 12 பேர் ஆடும்போது, மற்ற எட்டுப் பேரும் ஓரத்தில் ஜோடி ஜோடியாகப் பாஸ் பழகுவார்கள். 4 நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவார்கள். உயரமான ஒருவனே பந்தை வைத்துக்கொண்டிருந்தால், அவனைக் கண்டிப்பதைவிட, அடுத்த சுற்றில் பந்தைத் தரையில் தட்டவே கூடாது என்று விதியை மாற்றுவது நல்லது. பாஸ் கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்ததும், மற்றவர்களும் காலியான இடம் தேடி ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

பெரியவர்களுக்கான வளையம் 3.05 மீட்டர் உயரமும், ஆண்களுக்கான பந்து 7ஆம் அளவும் கொண்டவை. 12 வயதுக்குட்பட்டோர் ஆடும் மினி கூடைப்பந்துக்கு 2.60 மீட்டர் உயரமும் 5ஆம் அளவுப் பந்தும் போதும். கனமான பந்தை இடுப்பிலிருந்து தூக்கி எறிந்து பழகிய பிள்ளைக்குப் பின்னாளில் அதை மாற்றுவது மிகவும் கடினம். வளையத்தைத் தாழ்த்த வசதியில்லாத பள்ளிகள், சிறிய பந்துகளையாவது வாங்கி வைக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர் சிமென்ட் தளம் மாலையிலும் அனலடிக்கும் என்பதால், காலை 6 மணிக்கே தொடங்கி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். ஏற்காட்டிலோ பனிமூட்டத்தில் தளம் ஈரமாகி வழுக்கும். அது காயும்வரை நின்ற இடத்திலேயே பாஸ் பழகலாம்.

வளரும் வயதில், கெட்டியான தரையில் ஓடிக் குதிக்கும் பிள்ளைக்குக் குதிகால் வலி வந்தால், அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். குதிகால் எலும்பின் வளரும் பகுதி அழுத்தப்படுவதால் 8 முதல் 14 வயதுவரை இவ்வலி பரவலாகக் காணப்படுகிறது. மருத்துவரிடம் காட்டி, வலி தணியும்வரை ஓட்டத்தையும் குதிப்பையும் நிறுத்துங்கள். அந்த நாட்களிலும் நாற்காலியில் அமர்ந்து பாஸ் பழகவும், பந்தைத் தட்டவும் அப்பிள்ளைக்கு வாய்ப்புக் கொடுங்கள்.