அப்பத்தாவின் டவரா, ஐயாவின் கிளாஸ்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் பித்தளை பில்டரும் டவராவுமாக அப்பத்தாவின் காபிக் கட்சி. முகப்புத் திண்ணையில் கண்ணாடி கிளாஸும் பால் விடாத டீயுமாக எங்கள் தாத்தா, அதாவது ஐயாவின் கட்சி. ஐயா சிறுவயதிலேயே பினாங்குக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போய், கிட்டங்கி என்னும் தொழிலிடத்தில் பெட்டியடிப் பையனாக எடுபிடி வேலைக்கு நின்றவர். டீப் பழக்கம் அவரோடு கப்பலேறி வந்தது. “காபி தூக்கத்தைத் தின்றுவிடும்” என்பார். “டீ மட்டும் என்னவாம், ரத்தத்தையே தின்றுவிடும்” என்று வளவை, அதாவது நடுமுற்றத்தைத் தாண்டி அப்பத்தாவின் பதில் வரும். காரைக்குடியில் பல வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்துவிட்டு இப்போது யோசித்தால், இருவருமே முழுப் பொய் சொல்லவில்லை என்று படுகிறது.

ஐயாவின் குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். தூக்கத்தைத் தின்னும் பொருள் கஃபீன். ஜெர்மன் வேதியியலாளர் ரூங்கே 1819-இல் அதைக் காபிக்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். 1827-இல் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதற்குத் ‘தீன்’ என்று தனிப் பெயரே வைத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிய இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் வீட்டுச் சண்டை அதைவிட நெடுநாள் நீடித்தது.

எடைக்கு எடை நிறுத்துப் பார்த்தால் கஃபீன் கூடுதலாக இருப்பது தேயிலையில்தான். காய்ந்த இலையில் 2 முதல் 4 சதவீதம். காபியில் இரண்டு வகை: அராபிகா கொட்டையில் சுமார் 1.2, ரோபஸ்டாவில் 2 சொச்சம். ஆனால் டம்ளருக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒரு கிளாஸ் டீக்கு 2 கிராம் தூள் போதும். நல்ல காபிக்கு அதைப்போல் நாலைந்து மடங்கு வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 என்று கணக்குச் சொல்கிறது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அதன் அறிவுரை.

நம்மூர் டம்ளருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. காரணம் சிக்கரி. அது வறுத்து அரைத்த ஒரு செடியின் வேர்; அதில் கஃபீன் துளியும் கிடையாது. கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம். அதாவது கிட்டத்தட்டப் பாதிவரை சிக்கரியாக இருக்கலாம். பாக்கெட்டின் மேல் பொடி எழுத்தில் அந்தப் பங்கு அச்சாகியிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தாவது படித்துப் பாருங்கள். வெளிநாட்டு ஆய்வுகளில் ‘ஒரு கப் காபி’ என்று வருவதும் நாம் டவராவில் ஆற்றுவதும் ஒரே சரக்கல்ல.

கஃபீன் வெந்நீரில் மிக எளிதாகக் கரையும். அதனால் முதல் டிகாஷனிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். இரண்டாம் டிகாஷனில் நிறமும் கசப்பும் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். அழையாமல் வரும் விருந்தாளிக்கு இரண்டாம் டிகாஷனைக் கலந்து கொடுப்பது எங்கள் பக்கத்தில் ஓர் அவமரியாதை. இரவு நன்றாகத் தூங்கப் போவது அந்த விருந்தாளிதான். டீயும் இப்படியே. தூளைக் கொதிக்கவிட்ட முதல் சில நிமிடங்களில் கஃபீன் இறங்கிவிடும். பாய்லர் பக்கத்தில் அரைமணி நேரம் கிடந்து கறுப்பது துவர்ப்பு.

சரி, மூளைக்குப் போய் அது என்ன செய்கிறது? மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். நரம்பணுக்களில் அதற்கென்று ஏற்பிகள் உண்டு. அங்கே அது போய் உட்கார்ந்தால் அசதி தட்டும். கஃபீனின் உருவம் அடினோசினின் சாயலில் இருப்பதால் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கல்யாணப் பந்தியில் சம்பந்திக்குப் போட்ட இலையில் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்து, சாப்பிடவும் மாட்டேன், எழுந்திருக்கவும் மாட்டேன் என்று அடம்பிடிப்பதைப் போல. கஃபீன் நமக்குத் தெம்பு எதையும் தருவதில்லை. அசதி வந்த செய்தியை மறைக்கிறது. அதற்குள் வாசலில் அடினோசின் கூட்டம் கூடிக்கொண்டே இருக்கும். இலை காலியானதும் எல்லோருமாக உள்ளே நுழைவார்கள். பதினொரு மணிக் காபி இறங்கியதும் மதியம் கண்ணைச் சொக்குவதில் இதற்கும் பங்கு உண்டு.

டீயில் தியானின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, அது மனத்தை அமைதிப்படுத்தும் என்பார்கள். ஜப்பானில் 1949-இல் கண்டுபிடித்த பொருள் அது. சோதனைகளில் 100, 200 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்க்கிறார்கள். கடை டீ ஒரு கிளாஸில் வருவது அதில் சிறு பங்குதான். டீ பதமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் கஃபீன் குறைவு என்றுதான் பொருள்.

இனி அப்பத்தாவின் வழக்கு. எனக்கு இதுதான் முக்கியம். வகுப்பில் ஒரு வேலை செய்து காட்டுவேன். பால் விடாத டீயில் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டுக் கலக்கினால், செம்பழுப்பு டீ மை போலக் கறுத்துவிடும். செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சுக்குக் கடுக்காய் ஊறப்போட்டவர்களுக்கு இது புதிதல்ல. அந்தத் தண்ணீர் இரும்பில் பட்டால் அப்படித்தான் கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதும் மையையே இந்த வழியில் செய்தார்கள். துவர்ப்பைத் தரும் பாலிபீனால்கள் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. குடலிலும் அதேதான் நடக்கிறது. கீரை, பயறு, கேழ்வரகு இவற்றின் இரும்பு, டீயிடம் சிக்கி, உடம்பில் சேராமலே வெளியேறுகிறது. ஆக, டீ ரத்தத்தைத் தின்பதில்லை. ரத்தமாக வேண்டியதை வழியிலேயே மறித்துவிடுகிறது.

அப்பத்தாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1983-இல் வெளியான ஓர் ஆய்வில் சாப்பாட்டோடு குடித்த டீ, இரும்பு உறிஞ்சப்படுவதை 64 சதவீதம் குறைத்தது. காபியும் 39 சதவீதம் குறைத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்த காபியால் பாதிப்பில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது, கூடவே குடித்த அளவுக்குக் குறைந்தது. இட்லி சாப்பிட்ட கை காய்வதற்குள் டம்ளரை நீட்டும் நம் வழக்கத்துக்கு இது நல்ல செய்தியல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. எல்லாப் பழியையும் டீ, காபி மேல் போட முடியாது. ஆனாலும் இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்கும் கர்ப்பிணிகளைப் பார்க்கும்போதெல்லாம் வகுப்பில் கறுத்துப்போன அந்த கிளாஸ்தான் நினைவுக்கு வருகிறது. தண்ணீரில் விழுங்குங்கள்; நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இன்னும் நல்லது, வைட்டமின் சி இரும்பு சேர உதவும். கறியில் உள்ள இரும்பு இந்த அளவுக்குச் சிக்குவதில்லை. செட்டிநாடு என்றால் கோழியும் சுக்காவும்தான் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். வாரத்தில் பாதி நாளுக்கு மேல் எங்கள் இலையில் விழுவது பருப்பும் கீரையும்.

அதே பாலிபீனால்களுக்கு நல்ல பக்கமும் இருக்கிறது. கடை டீயின் நிறமே அவைதான். இலையை நசுக்கும்போது உள்ளிருக்கும் காட்டெகின்கள் என்னும் பாலிபீனால்கள் காற்றோடு சேர்ந்து தியாஃபிளேவின்களாக மாறுகின்றன. இவை ரத்தக்குழாய்களை இளக வைப்பதாகச் சோதனைகள் காட்டுகின்றன. பால் விட்டால் அந்தப் பலன் போய்விடுகிறது என்று 2007-இல் பெர்லினில் 16 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது. பிறகு வந்தவை எல்லாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பதினாறு பேரை நம்பிப் பாலை நிறுத்த வேண்டாம் என்பது என் கட்சி. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு அந்தப் பால் நல்லதும்கூட. டீயில் இருக்கும், கல்லாகச் சேரக்கூடிய ஆக்சலேட்டைப் பாலின் கால்சியம் கட்டிப்போடுகிறது. கால்சியம் என்றதும் இன்னொன்று: போர்வெல் தண்ணீரில் போட்ட டீயின் மேல் ஓர் ஆடை மிதக்கும். அது அழுக்கல்ல, தண்ணீரின் கால்சியமும் டீயின் சத்தும் சேர்ந்த படலம். எலுமிச்சை பிழிந்தால் மறைந்துவிடும். ஐயா ஊருணித் தண்ணீரில்தான் டீ போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததை நாங்கள் வறட்டு ஜம்பம் என்று நினைத்திருந்தோம்.

நெடுநாள் ஆய்வுகளைப் பார்த்தால் காபியின் கை சற்று ஓங்கியிருக்கிறது. சர்க்கரை நோயும் ஈரல் நோயும் காபி குடிப்பவர்களுக்குக் குறைவாக வருகின்றன. கஃபீன் நீக்கிய காபியிலும் சர்க்கரை நோய் குறைவது தெரிவதால், பெருமை காபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்ற வேறு பொருள்களுக்குப் போக வேண்டும். டீக்கும் சாட்சி உண்டு: பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், தினம் இரண்டு கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு மரண ஆபத்து 9 முதல் 13 சதவீதம் குறைந்திருந்தது. இவை எல்லாம் குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்ட கணக்குகள். டீயும் காபியும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல இவை போதாது. மருந்தென்று நினைத்து யாரும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் காபியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்போதே, 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என்று சொன்னது. ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றும்போது பானம் நூலாக நீண்டு, காற்று படும் பரப்பு கூடி, ஆவியோடு சூடு பறக்கிறது. டவரா வெறும் அலங்காரப் பாத்திரமல்ல. ஐயா ஆற்ற மாட்டார். உதடு பொரியக் குடிப்பார்.

சீனி விஷயத்தில் மட்டும் இரு கட்சியும் கூட்டணி. டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு மூன்று முறை என்றால் 30 கிராம். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இடைப்பலகாரத்துக்கு வரும் இனிப்பான கந்தரப்பத்தை இதில் சேர்க்கவில்லை.

குடித்த கஃபீனில் பாதியை ஈரல் கரைக்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு அது பதினைந்து மணி நேரம்வரைகூட நீளும். புகை பிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் கரைந்துவிடும். மாலை ஆறு மணிக்கு 100 மில்லிகிராம் உள்ளே போனால், இரவு பதினொன்றுக்கு 50 மீதி, விடியற்காலை நாலு மணிக்கு 25. அப்பத்தா கடைசிவரை விளக்கு வைத்த கையோடு முதல் டிகாஷனில் ஒரு டம்ளர் குடித்தார். நடுச்சாமத்தில் எழுந்து வளவில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால், “வயசாயிற்றில்லையா அப்பு, தூக்கம் எங்கே வருகிறது” என்பார். திண்ணையிலிருந்து ஐயாவின் குறட்டை கேட்டுக்கொண்டிருக்கும்.