பாட்டி சொன்னது தகவலா, கட்டளையா?

'லா அபுவேலா டிசே கே கோமெஸ்.' நீ சாப்பிடுகிறாய் என்று பாட்டி சொல்கிறாள்.

'லா அபுவேலா டிசே கே கோமாஸ்.' பாட்டி உன்னைச் சாப்பிடச் சொல்கிறாள்.

ஸ்பானிய மொழியில் இந்த இரண்டுக்கும் ஓர் உயிரொலிதான் வித்தியாசம். 'டிசே' (சொல்கிறாள்) மாறவில்லை. பின்னால் வரும் வினை சாதாரண வடிவில் இருந்தால் தகவல். விருப்பம், சந்தேகம், ஏவல் போன்றவற்றுக்கென்றே இருக்கும் 'சுப்ஹுன்தீவோ' வடிவில் இருந்தால் கட்டளை.

நடுவில் நிற்கும் 'கே'தான் நம்முடைய 'என்று'. நமக்கு அது சொன்ன பேச்சுக்குப் பின்னால் வரும், அவர்களுக்கு முன்னால். அதற்கு ஒரு தனிச் செல்வாக்கும் உண்டு. அம்மா 'கோமே' (சாப்பிடு) என்கிறாள். போனில் மூழ்கியிருக்கும் பையன் 'என்ன?' என்கிறான். 'கே கோமாஸ்!' என்று பதில் வரும். 'சொன்னேன்' என்ற வினையே அதில் இல்லை. ஆனாலும் 'சாப்பிடச் சொன்னேன்டா' என்பதுதான் பொருள்.

சரி, பாட்டி நேற்றுச் சொன்னதாக இருந்தால்? தமிழில் சிக்கலே இல்லை. 'சாப்பிடுவேன் என்று சொன்னாள்' என்று அவள் வாயில் வந்ததை அப்படியே எடுத்து வைத்துவிடலாம். ஸ்பானியத்தில் 'டிஹோ' (சொன்னாள்) வந்ததும் உள்ளே இருக்கும் வினையும் பின்னோக்கி நகரும். 'கோமோ' (சாப்பிடுகிறேன்) 'கோமியா' ஆகும். 'கோமெரே' (சாப்பிடுவேன்) 'கோமெரியா' ஆகும். 'கோமே' என்ற ஏவல்கூட 'கோமியேரா' ஆகிவிடும். கோமெரியாவின் கடைசி 'இயா', லத்தீனில் வினையோடு ஒட்டிக்கொண்ட 'ஹபேபாத்' (அவனிடம் இருந்தது) என்ற சொல் தேய்ந்து நின்ற மிச்சம்.

நகர்த்தாமலும் விடலாம், ஆனால் பொருள் மாறும். 'டிஹோ கே எஸ்தா எம்பரசாதா' என்றால் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னாள், இப்போதும் கர்ப்பம்தான். 'எஸ்தாபா' என்றால் சொன்னபோது கர்ப்பம். இதற்குள் குழந்தை பிறந்திருக்கலாம், பிறக்காமலும் இருக்கலாம். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம், 'டிசே'யும் 'கே'யும் ஒட்டிப் பிறந்த 'டிஸ்கே' என்ற சொல் மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் இன்றும் சகஜம். கேள்விப்பட்டதைச் சொல்லவும் வரும், நம்பாததைக் குத்திக்காட்டவும் வரும். 'டிஸ்கே தொக்தோர்' என்றால், நம் ஊர்ப் பேச்சில், 'டாக்டராம்!'