மண்சரிவு எச்சரிக்கை தேயிலைத் தோட்ட லயத்துக்கு (தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீடுகளுக்கு) எப்படி வந்து சேருது?

மழை பெஞ்சா மலை ஏன் சரியுதுன்னா, உள்ள எறங்குற தண்ணி மண்ணுக்கு பாரம் ஏத்துறது ஒரு பக்கம், அதவிட பெரிய காரணம் மண் துகளுக்கு நடுவுல நெறஞ்ச தண்ணி துகள்கள ஒண்ணோட ஒண்ணு பிடிக்க விடாம தள்ளுறதுதான், அந்தப் பிடி தளந்துட்டா மேல்மண்ணு அப்படியே கழண்டு எறங்கிரும். அதனாலதான் இலங்கையில தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்துல மழை 75 மில்லிமீட்டர் தாண்டுனா மஞ்சள், 100 தாண்டுனா செம்மஞ்சள், 150 தாண்டுனா சிவப்புன்னு எச்சரிக்கை குடுக்குது. சிவப்புன்னா வெளியேறணும்.

ஆனா பதுளை மாவட்டத்து கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்த நெனச்சு பாருங்க. 2014 ஒக்டோபர் 29 காலையில லயங்கள் மண்ணுக்குள்ள போச்சு. 2005லயும் 2011லயும் அங்க உள்ள சனத்த வேற எடத்துக்கு மாத்தணும்னு சொல்லியிருந்தாங்க. லயம் கம்பெனி கையில, தொழிலாளிக்கு சொந்தக் காணி இல்ல, அப்ப எங்க போறது?

இடர் முகாமைத்துவம்னு கம்பெனி எழுதுற திட்டத்துல பெக்டரி, ரோட்டு, கொழுந்து நட்டம் எல்லாம் வரும். லயத்துல இருக்கிற அக்காவோட கணக்கு வேற: இன்னைக்கு மலைக்கு வேலைக்கு போகலன்னா பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) விழாது, பாதியில எறங்குனா அரைப்பேர்தான், ஆட்ட யாரு பாக்குறது, வீட்டுச் சாமான் களவு போயிட்டா? இந்தக் கணக்க சேக்காத திட்டம் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஓடாதுன்னுதான் நான் நெனைக்கிறேன்.

தகவல் வர்ற வழியும் அப்படித்தான், பிரதேச செயலகம், கிராம சேவகர், தோட்டத்து ஒபிஸ், கணக்கப்பிள்ளை, தோட்டத்து தொழிற்சங்கத் தலைவர்னு கை மாறி வருது, நடுவுல ஒரு கடிதம் சிங்களத்துல மட்டும் வந்தா, இல்ல ராத்திரி ஒபிஸ் பூட்டியிருந்தா அங்கயே நின்னுரும். கோயில் ஸ்பீக்கர்ல தமிழ்ல சொன்னா நேரா லயத்துல எல்லா காம்பராவுக்கும் (அறைக்கும்) கேக்கும். தோட்டத்துல தலைவர் சொன்னா எழும்புற சனம் நெறைய, அதனால அவருக்கு நேரா போன் பண்ற ஏற்பாடும் வேணும். சிவப்பு எச்சரிக்கை நாளுக்கு முழுப்பேர் போடணும்.

மழைத் தண்ணி ஓடுற கானும் (வடிகாலும்) முக்கியம். அடைபட்ட கான்ல ஓட வேண்டிய தண்ணி மண்ணுக்குள்ளதான் எறங்கும், ஆள் இல்லன்னு கான் வெட்டாம விட்டா ஆபத்து கூடும். புது வெடிப்பு, சாஞ்ச மரம், ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்குறது, இதெல்லாம் மொதல்ல பாக்குறது கொழுந்து எடுக்குறவங்கதான், அவங்க சொல்றத எழுதி வச்சு அன்னைக்கே மேல அனுப்ப ஒவ்வொரு டிவிஷன்லயும் ஒரு ஆள் இருக்கணும்.