சௌண்டிங் என்றால் ஒலியா?

கேப்டன் குக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் ‘ஒலிப்புகளை எடுத்தபடி’ சென்றார் என்று இன்னொரு கட்டுரையில் படித்தால் பொறுக்க முடியாது. கப்பலில் சங்கா ஊதிக்கொண்டு போனார்கள்?

ஆங்கிலத்தில் ‘சௌண்டிங்’ என்றிருப்பதைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். மாலுமிகளுக்கு அது கடலின் ஆழத்தை அறிவது, சத்தத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. பிரெஞ்சில் துழாவி ஆழம் அறிவதைக் குறிக்கும் ‘சோந்தே’ என்ற வினையிலிருந்து வந்தது அது. ஓசையைக் குறிக்கும் சவுண்டின் மூலம் லத்தீன். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

தமிழில் ‘ஆழம் பார்த்தல்’ என்றால் போதும். ஆனால் ‘ஒலியாழமறிதல்’ என்றுதான் எழுத வேண்டும் என வாதாடுகிறவர்கள் உண்டு. எக்கோ சவுண்டர் ஒலியை அனுப்பித்தானே அளக்கிறது என்பார்கள். அந்தக் கருவிக்குச் சரி. ஜெர்மனியின் மீட்டியோர் கப்பல் 1925-27இல் தென் அட்லாண்டிக்கில் அப்படித்தான் அளந்தது. குக் போனதோ 1770இல். அவர் கையில் இருந்தது கயிறும் ஈயக்குண்டும்.

‘ஆழமளவீடு’ தேவலை. ஆனாலும் அதில் பாதி வேலை விட்டுப்போகிறது. குண்டின் அடியில் குழி இருக்கும், அதில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். மணலோ சேறோ சிப்பித் துண்டோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். நங்கூரம் பிடிக்குமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். வரைபடத்திலும் ஆழ எண்ணோடு அடித்தரையின் தன்மையைக் குறிப்பார்கள். அளப்பது மட்டுமென்றால் கொழுப்பு எதற்கு? அதனால்தான் ‘பார்த்தல்’ என்கிறேன். ‘ஆழம் பார்க்கிறான்’ என்றால் ஆளைச் சோதிக்கிறான் என்றும் பொருள் வருமே என்பார்கள். வரட்டுமே, கப்பல் கதையில் யாரும் குழம்ப மாட்டார்கள்.

1770 ஜூன் 11 இரவு, குக்கின் எண்டெவர் கப்பலில் குண்டு 17 ஃபாதம் காட்டியது. அடுத்த முறை வீசுவதற்குள் கப்பல் பவளப்பாறையில் ஏறிவிட்டது. இதையும் ‘17 ஒலிப்புகள்’ என்று எழுதினால் வாசகன் என்னதான் புரிந்துகொள்வான்? ஃபாதம் என்பது 6 அடி, இரு கையையும் விரித்த நீளம். நம் மீனவர்கள் அதைப் பாகம் என்கிறார்கள். 17 பாகம், ஏறக்குறைய 31 மீட்டர்.

இப்படி மொழிபெயர்க்கிறவர்கள் குண்டு கட்டிய கயிற்றையும் விடுவதில்லை. ஆங்கிலத்தில் அது ‘லெட் லைன்’, லைன் என்றால் கயிறு, கோடு இரண்டும்தான். ‘லெட்’ என்றால் ஈயம், ‘லீட்’ என்றால் முன்னால் போவது, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. உடனே ‘முன்னணிக் கோடு’ என்று எழுதிவிடலாம். அகராதியில் முதல் பொருளோடு நின்றால் அதுதான் கிடைக்கும். ஈயக்குண்டுக் கயிறு என்று எழுத இன்னும் இரண்டு வரி கீழே படித்தால் போதும்.