800 கோடி கம்பெனியில் உங்கள் பங்கு பூஜ்யமாகலாம்

கல்யாணப் பேச்சில்கூட இப்போது இசாப் (ESOP) வந்துவிட்டது, அதாவது கம்பெனிப் பங்கை முன்பே குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் உரிமை. மாப்பிள்ளைக்குச் சம்பளம் 18 லட்சம், அது போக கம்பெனி ஷேர் 60 லட்சம் என்கிறார்கள். சமீபத்தில் என்னிடம் வந்த தம்பி ஒருவர், அந்த மாதிரி ஒரு 60 லட்சத்தை நம்பி வீட்டுக் கடனுக்குக் கையெழுத்தே போட்டுவிட்டார். இப்போது கம்பெனி விற்றாகிவிட்டது, அவர் கைக்கு ஒன்றும் வரவில்லை. "800 கோடி மதிப்புள்ள கம்பெனி சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நிதிப் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான், சில போர்டுகளிலும் உட்கார்ந்திருக்கிறேன். இதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அந்தத் தம்பி மேல் இல்லை, இந்தக் கணக்கை அவர் தலையில் ஏற்றியவர்கள் மேல்.

அந்த 800 கோடி எங்கிருந்து வந்தது? ஒரு முதலீட்டாளர் 40 கோடி போட்டு 5 சதவீதம் வாங்கினார். 5 சதவீதம் 40 கோடி என்றால் முழுக் கம்பெனியும் 800 கோடி. அவ்வளவுதான். கம்பெனிக்குள் வந்த பணம் 40 கோடி. மீதி 760 கோடி எந்த வங்கியிலும் கிடையாது. அந்த விலைக்கு மீதிப் பங்குகளை வாங்க யாரும் வாசலில் நிற்கவும் இல்லை. உங்கள் தெருவில் ஒருவர் மூலை மனையில் கால் கிரவுண்டை ஆசைப்பட்டு அதிக விலைக்கு வாங்கினால், அதே விலையால் தெரு முழுவதையும் பெருக்கி எல்லோரும் கோடீஸ்வரர் என்பீர்களா?

சரி, அடுத்தது. எம்பிஏ படித்தவர்கள்கூட இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். முதலீட்டாளர் வாங்கும் பங்கு வேறு, உங்களுக்குக் கிடைக்கும் பங்கு வேறு. அவருடையது முன்னுரிமைப் பங்கு, இங்கே பெரும்பாலும் சிசிபிஎஸ், அதாவது பின்னால் சாதாரணப் பங்காகக் கட்டாயம் மாறும் முன்னுரிமைப் பங்கு. கம்பெனி விற்றால் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அதோடு ஒட்டியே வரும். லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்பது அதுதான். உங்களுடையது சாதாரணப் பங்கு, வரிசையில் கடைசி. எல்லா ரவுண்டிலும், அதாவது முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கிய ஒவ்வொரு முறையும் சேர்த்து, 120 கோடி திரட்டிய கம்பெனி 100 கோடிக்கு விற்றால் அந்த நூறும் அவர்களுக்கே போகும். தம்பிக்கு நடந்தது இதுதான். ஆனால் ஆஃபர் லெட்டரில் முதலீட்டாளர் கொடுத்த விலையை வைத்தே இவருடைய பங்கையும் பெருக்கி 60 லட்சம் என்று காட்டியிருந்தார்கள்.

இது நம் ஊருக்கு மட்டுமான கதை இல்லை. அமெரிக்காவின் குட் டெக்னாலஜி 110 கோடி டாலர் மதிப்பு பெற்ற யூனிகார்ன், அதாவது நூறு கோடி டாலரைத் தாண்டிய ஸ்டார்ட்அப். 2015-ல் பிளாக்பெர்ரி அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. முதலீட்டாளர்களின் ஒரு பங்குக்குச் சுமார் 3 டாலர் கிடைத்தது, ஊழியர்களின் ஒரு பங்குக்கு 44 சென்ட். சில ஊழியர்கள் முந்தைய உயர்ந்த விலைக்கு வரியும் கட்டியிருந்தார்கள். 2018-ல் ஃபேன்டூயல் என்ற ஃபேன்டஸி விளையாட்டுக் கம்பெனி கைமாறியபோது அதைத் தொடங்கியவர்களுக்கே ஒன்றும் மிஞ்சவில்லை. ஆன்லைன் கல்விக் கம்பெனி பைஜூஸின் மதிப்பு 2022-ல் 2,200 கோடி டாலர். 2024 ஜூலையில், கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய 158 கோடி ரூபாய் பாக்கிக்காக திவால் நடவடிக்கைக்குள் போனது. அதற்கு முன்பே அதன் பெரிய முதலீட்டாளரான ப்ரோசஸ் தன் முதலீட்டின் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டது. அறிகுறிகள் இல்லாமல் இல்லை. 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கு 2022 செப்டம்பரில்தான் வெளியே வந்தது, 4,588 கோடி ரூபாய் நஷ்டத்தோடு. கணக்கு தாமதமாகும் கம்பெனியில் நல்ல செய்தி ஒளிந்திருந்து நான் பார்த்ததில்லை.

தலைமை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டவுன்ஹால் எனும் ஊழியர் கூட்டத்தில் மேடையேறி மதிப்பைச் சொல்லிக் கைதட்டு வாங்கும் சிஇஓ, இன்னும் எத்தனை மாதத்துக்குக் கையில் காசு இருக்கிறது என்பதையும் அதே மேடையில் சொல்லட்டும். சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் தைரியமாக வேலை பாருங்கள். மற்றவர்கள் அடுத்த ரவுண்டுக்காக மட்டுமே கம்பெனி நடத்துகிறார்கள். வாடிக்கையாளர் தரும் பணத்திலேயே வளர்ந்த சாஃப்ட்வேர் கம்பெனி ஸோஹோவும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ரவுண்டும் இல்லை, ரவுண்டு விலையும் இல்லை.

இசாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஊழியர்கள் பலர் கோடீஸ்வரர் ஆனார்கள், உண்மைதான். சந்தையில் பட்டியலானதால் விற்க முடிந்தது. விற்க முடியாத பங்கைக் காட்டி தயவுசெய்து கடன் மட்டும் வாங்காதீர்கள்.

வேலைக்குச் சேரும் முன் கம்பெனியின் ஆர்ட்டிக்கிள்ஸ் ஆஃப் அசோசியேஷனை, அதாவது அதன் உள்விதிப் புத்தகத்தைப் படியுங்கள். கம்பெனி விவகார அமைச்சகமான எம்சிஏவின் இணையதளத்தில் சிறு கட்டணத்துக்கு யாரும் பார்க்கலாம், முன்னுரிமை உரிமைகள் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். (வக்கீல்கள்கூட இதை விட்டுவிட்டு என்னிடம் போன் செய்கிறார்கள்.) இசாப் உரிமைக்குரிய விலையைக் கட்டி பங்கை எடுக்கும் நாளிலேயே, அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி விழும், கையில் ஒரு ரூபாய் வராவிட்டாலும். அந்த வரியைத் தள்ளிக் கட்டும் சலுகை சில ஸ்டார்ட்அப்புகளுக்குத்தான், அதுவும் வேலையை விட்டால் முடிந்தது. பல திட்டங்களில், விலகிய பிறகு பங்கை எடுக்க 90 நாள்தான் தருகிறார்கள். கடிதத்தில் எத்தனை நாள் என்று தேடிப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு மாதம் ஒருமுறை பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். முந்தைய மாதப் பணம் 15-ம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். அது தள்ளிப்போக ஆரம்பித்தால், பத்திரிகையில் என்ன மதிப்பு வந்தாலும் பயோடேட்டாவைத் தூசி தட்டுங்கள்.

எச்ஆரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எல்லாம் சேர்த்து மொத்தப் பங்குகள் எத்தனை, முதலீட்டாளர்களுக்கு முதலில் போக வேண்டிய தொகை எவ்வளவு, சாதாரணப் பங்குக்குக் கடைசியாகப் போட்ட மதிப்பு என்ன. அதெல்லாம் ரகசியம் என்று பதில் வந்தால் சண்டை போடாதீர்கள். இசாப் என்ற வரியில் பூஜ்யம் எழுதிக்கொண்டு, சம்பளத்தில் எவ்வளவு ஏற்றித் தருவீர்கள் என்று பேரம் பேசுங்கள்.