அந்த உதட்டுச் சுழிப்பைக் கவனியுங்கள்

"நாங்க சண்டையே போட்டதில்ல மேடம். அப்புறம் எப்படி விவாகரத்து வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டார் அந்தக் கணவர். மணமாகி 16 வருடம். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

"அவருக்கு இப்போ எது பெரிய கவலை?" என்று மனைவியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியலை" என்றார். அதே கேள்விக்குக் கணவரின் பதிலும் அதுதான். சண்டையில்லாத வீடு என்று அவர்கள் பெருமைப்பட்டது பேச்சுமூச்சில்லாத வீட்டை.

தம்பதிகளை எதிரில் உட்காரவைத்துப் பேசுவது என் தொழில். எத்தனை சண்டை என்று நான் கேட்பதே இல்லை. எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் பேசவிட்டு, வீடியோ எடுத்து, பல வருடங்கள் பின்தொடர்ந்தவர். குணத்தையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கெடுத்தாலும் தன்னை நியாயப்படுத்துவது, வாயடைத்துக் கல்லாகிவிடுவது என்று ஆபத்தான 4 பழக்கங்களைச் சொன்னார். அவற்றில் மிக மோசமானது இளக்காரம் என்பது அவர் முடிவு. என் அனுபவமும் அதுதான். "பில் கட்ட மறந்துட்டியே" என்பது வெறும் புகார். "உன்னை நம்பி ஒரு வேலை கொடுக்க முடியுமா?" என்பது குணத்தின் மேல் பழி. அதைச் சொல்லிவிட்டு, உதட்டைச் சுழித்து, 'பார்த்தீங்களா இவ லட்சணத்தை' என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தால், எழுதிக்கொண்டிருக்கும் என் பேனா நின்றுவிடும்.

காட்மனும் ராபர்ட் லெவன்சனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. காரசாரமாக மோதிக்கொள்பவர்கள் பிரிந்தால் பெரும்பாலும் ஆரம்ப வருடங்களிலேயே பிரிகிறார்கள். சிரிப்பு, அக்கறை எல்லாம் வற்றிப்போய், உணர்ச்சியை உள்ளேயே அடக்கிவைத்தவர்கள் வெகுகாலம் கழித்துப் பிரிகிறார்கள். மேலே சொன்ன 16 வருடக்காரர்கள் இரண்டாவது ரகம்.

மிக இளம் வயதில் மணம், பெற்றோரே பிரிந்திருப்பது, குடிப்பழக்கம் போன்ற காரணங்களும் பிரிவுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் அவை யாருடைய தலையெழுத்தும் இல்லை. பெற்றோர் பிரிந்ததைப் பார்த்து வளர்ந்ததாலேயே பேச்சில் நிதானம் காப்பவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

'பொம்பளை சம்பாதிச்சா குடும்பம் நிலைக்காது' என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், எனக்குக் கோபம் வரும். சமூகவியலாளர் அலெக்சாண்ட்ரா கில்லிவால்ட் அமெரிக்கத் தம்பதிகளை வைத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மனைவி சொந்தக் காலில் நிற்க முடிவதற்கும் பிரிவுக்கும் தொடர்பு தென்படவில்லை. 1975-க்குப் பின் மணமானவர்களில், கணவருக்கு முழுநேர வேலை இல்லாததுதான் ஆபத்தைக் கூட்டியது. ஆண்தான் சம்பாதிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஆணையும் எப்படி நெரிக்கிறது பாருங்கள்.

ஒன்று மட்டும் தனி. அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் 'அனுசரித்துப் போ' என்று நான் சொல்வதில்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது உயிர்ப் பாதுகாப்பை. பேச்சுவார்த்தை, ஆலோசனையெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்தத் தம்பதியிடம், தினமும் ராத்திரி ஒருவரையொருவர் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் கணவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொன்னார்: "இவளுக்கு 3 மாசமா பல் வலியாம் மேடம்."