ஸ்டிக்கர் சரி, வருஷம் தப்பு

வருவாய்த் துறையில் முப்பது வருஷம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் காலையில் ஒருவராவது பிளாஸ்டிக் ஃபைலோடு வீட்டு வாசலில் நிற்பார். பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போகிற பேப்பர்தான். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிற பெண், கப்பலில் ஏறுகிற பையன், மகன் கூப்பிட்டு ஆஸ்திரேலியா போகிற அப்பா.

அண்மையில் வந்தவர் அந்த அப்பா வகை. விளவங்கோடு பக்கம். "சார், அப்போஸ்தலர் எல்லாம் ஒட்டி வந்தாச்சு. பின்ன எதுக்கு ஆஸ்திரேலியாக்காரன் மறுபடியும் கேள்வி கேக்கான்?" என்றார். நம் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்பதற்காக அதன் மேல் அரசு ஒட்டித்தரும் ஸ்டிக்கர்தான் அப்போஸ்டில். அது எங்கள் ஊர் வாயில் ஏசுவின் சீடரான அப்போஸ்தலர் ஆகிவிடும். மூலைக்கு மூலை தேவாலயம் இருக்கிற மாவட்டம், வேறெப்படி ஆகும்?

நாடுகளின் நிர்வாக நடைமுறைகள் ஒரே அச்சுக்கு வருகின்றன என்று பேசுகிறார்களே, அதைக் கையால் தொட்டுப் பார்க்க இந்த ஸ்டிக்கர் போதும். இதற்கான ஒப்பந்தம் 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் ஆனது. இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளே இருக்கின்றன. எந்த நாட்டில் ஒட்டினாலும் சதுரம், ஒரு பக்கம் குறைந்தது 9 சென்டிமீட்டர், தலைப்பு பிரெஞ்சில், கீழே எண் போட்ட பத்து வரிகள். குழித்துறையில் வாங்கின சான்றிதழானாலும் லிஸ்பனில் வாங்கினதானாலும் அதே பத்து வரிதான்.

அந்தப் பத்து வரியை யாரும் படிப்பதில்லை. கையெழுத்து உண்மையானது, போட்டவர் இன்ன பதவியில் இருந்தார், முத்திரை அவர் அலுவலகத்துடையது, இவ்வளவுதான் அது சொல்கிறது. சான்றிதழுக்குள் எழுதியிருப்பது சரியா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

பெரியவர் கதைக்கு வருகிறேன். பாஸ்போர்ட்டில் 1946. பிறப்புச் சான்றிதழில் 1947. பிறந்தபோது பதியவில்லை, பிற்பாடு பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை வைத்துத் தாமதப் பதிவுக்கு ஆர்டர் வாங்கியிருக்கிறார்கள். பதிவேட்டின் நகலைப் பார்த்தேன். மலையாள எழுத்து, 1122 கன்னி 9. கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள்தானே. கொல்லம் ஆண்டு சிங்ஙம் மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். அதிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி முதல் 825ஐ. கன்னி என்றால் நம் புரட்டாசி, 1946தான் வரும். யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு 825ஐக் கூட்டிவிட்டார். அதற்கு மேல் மூன்று கையெழுத்து, பிறகு மாநில அளவில் சரிபார்ப்பு, பிறகு டெல்லியின் ஸ்டிக்கர். எல்லாமே அசல். வருஷம் மட்டும் தப்பு.

யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் வேலையில் சேர்ந்தபோது அலுவலகத்தில் மலையாளம் வாசிக்கிற சீனியர் ஒருவர் இருந்தார். பழைய ஆதாரம் எது வந்தாலும் அவர் மேஜைக்குத்தான் போகும். அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு வழியனுப்பினோம். அந்த வேலையை அடுத்து யார் செய்வது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நான் உட்பட. நிர்வாகத் திறன் என்று கருத்தரங்குகளில் பெரிய பெரிய ஸ்லைடு போடுகிறார்கள். எனக்கு அந்தக் காலி மேஜைதான் ஞாபகம் வரும்.

ஐரோப்பாவில் இதை வேறு மாதிரி கையாண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியமும், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யும் சேர்ந்து 1992இல் சிக்மா என்ற திட்டத்தைத் தொடங்கின. ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடுகளின் அலுவலகங்களைத் தேற்றிக்கொடுப்பது அதன் முக்கிய வேலை. உள்ளே இருக்கும் நாடுகள் 2019 பிப்ரவரி 16 முதல் தங்களுக்குள் பிறப்பு, திருமணச் சான்றுகளுக்கு இந்த ஸ்டிக்கரே வேண்டாம் என்று எடுத்துவிட்டன. பக்கத்து நாட்டுப் பதிவேட்டின் மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. நம் விஷயத்தில் அதே ஜெர்மனி, இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்ததற்கு ஆட்சேபம் சொல்லியிருக்கிறது. அதனால் நம் ஸ்டிக்கர் அங்கே செல்லாது. தேவைப்பட்டால் தூதரகம் இங்கே ஆள் வைத்து மூலப் பதிவேட்டையே விசாரிக்கும். கோபம் வருகிறதுதான். ஆனால் பெரியவரின் பேப்பரைப் பார்த்த பிறகு எதிர்த்துப் பேச முடியவில்லை.

வளைகுடாவிலும் ஒரே மாதிரி இல்லை. ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவுதி, இவை ஒப்பந்தத்துக்குள். அமீரகம், கத்தார், குவைத் வெளியே. அங்கே தூதரக அட்டஸ்டேஷன், அதாவது அந்த நாட்டுத் தூதரகம் போடும் சான்றொப்பம், தனி. ஏஜென்ட் இதைச் சொல்லாமல் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கேட்டால், எந்த நாட்டுக்கு எது என்று கேளுங்கள்.

அப்புறம், ஸ்டிக்கருக்குக் கொடுப்பதற்கு முன்னால் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பாஸ்போர்ட் மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேதி, அப்பா பெயர், இனிஷியலின் விரிவு, ஆங்கில எழுத்துக்கூட்டல். இனிஷியல் சில வீடுகளில் அப்பா பெயர், சில வீடுகளில் தறவாட்டுப் பெயர், அதாவது குடும்ப வீட்டின் பெயர். இரண்டு பேப்பரில் இரண்டாக விரிந்திருக்கும். ஒரு எழுத்து பிசகினாலும் முதலில் திருத்தம், பிறகுதான் ஸ்டிக்கர். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 15வது பிரிவின்படி பதிவாளரே திருத்தலாம், ஆதாரம் காட்டினால் போதும்.

பெரியவருக்கும் அந்தப் பிரிவில்தான் மனு எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டுப் பக்கத்தின் நகல், தமிழில் எழுத்துக்கு எழுத்து பெயர்ப்பு, கணக்கு எப்படி வந்தது என்று அரைப்பக்கம். வாங்கிப் பார்த்த இளம் அலுவலர், "சார், இந்த 824 கணக்கை ஒரு தடவை சொல்லித் தாங்க, எழுதி வெச்சுக்கறேன்" என்று நோட்டை எடுத்தார்.